சங்குமுனைக்கு மாற்றம்

உப்புவெளி
12-02-1974

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள பேணாட் அண்ணாவுக்கு,

நான் சுகம். அக்காவை இழந்த இக்னேசியஸ் அத்தானும் ஒருவாறு சுகம். நீங்களும் சீலா மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நேற்று மாகிரட் அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. லீவு இல்லை என்ற உங்கள் தந்தி கிடைத்தது. சங்குமுனையிலிருந்து அக்காவின் அயலில் உள்ள பெண்கள் பதினாறு பேர், மூதூருக்கு நடந்து வந்து லோஞ்சிப் படகு பிடித்து வந்திருந்தார்கள்.

பூசை முடிந்த பிறகு அத்தான் என்னிடம் ஒரு உறையைத் தந்தார். சங்குமுனை ஆசுப்பத்திரியில் அக்காவுக்குக் கொடுத்த மருந்துத் துண்டுகள் அதற்குள் இருந்தன. மொத்தம் ஏழு. முதலாவது 1972 ஒக்டோபரில் எழுதியது. அதில் "மிக்சர், தைலம்". அடுத்த மூன்றிலும் அதே இரண்டு சொற்கள்தான். ஐந்தாவதில் திகதி மட்டும் இருக்கிறது, மருந்துகூட எழுதவில்லை. பிறகு இரண்டிலும் மீண்டும் மிக்சர்.

மார்பில் கட்டியோடு ஏழு தரம் போன மனிசிக்கு, அண்ணா, இருமலுக்குக் கொடுக்கிற மிக்சர்! அங்கே இருப்பது ஒரேயொரு டொக்டர், குலநாயகம் என்று பெயர். அவர் பெண்களைக் கை வைத்துப் பார்ப்பதே இல்லையாம். கதிரையில் இருந்தபடியே கேட்டு எழுதுவாராம்.

நான் மருத்துவிச்சி. ஊர்ப் பெண்களெல்லாம் என்னிடம் உடம்பைக் காட்டுகிறார்கள். என் அக்கா காட்டவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அவவிடம் போனபோது புண்ணின் மணத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "உனக்குக் காட்ட வெக்கமா இருந்தது பிள்ளை" என்றா. மூன்று கிழமையில் போய்விட்டா.

சங்குமுனைக்கு மாற்றம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போக ஒருவருக்கும் விருப்பமில்லை என்பதால் உடனே கிடைக்கும். அந்த மனிசன் சனத்துக்கு முன்னால் தலை குனிவதை நான் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் போகிறேன்.

உங்கள் தங்கை,
இன்பமலர்


நுகேகொடை
09-03-1974

அன்புத் தங்கை மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கந்தோரில் வேலை அதிகம், அதனால் பதில் பிந்திவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குத்தான் கொஞ்சம் தடிமன்.

நீ கோபத்தில் எடுத்த முடிவு சரியில்லை. உப்புவெளியில் பஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தெரிந்த சனம் இருக்கிறது. சங்குமுனையில் தனிப் பெண்ணாக என்ன செய்வாய்? டொக்டரைப் பகைத்தால் உன் உத்தியோகத்துக்குத்தான் கேடு. தண்டிக்கிற வேலையை ஆண்டவரிடம் விட்டுவிடு. அக்காவும் அதைத்தான் விரும்பியிருப்பா.

அந்தத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்காதே. வேறு கடிதங்கள் ஏதும் அக்கா வைத்திருந்தாவா? இருந்தால் எனக்கு அனுப்பிவிடு. அத்தான் பாவம், அவரைக் கேள்வி கேட்டு வதைக்க வேண்டாம்.

இந்த வீடு எவ்வளவு சிறியது என்று உனக்குத் தெரியும். இல்லாவிட்டால் உன்னை இங்கே வந்து ஒரு மாதம் நிற்கச் சொல்லியிருப்பேன்.

அன்பு அண்ணன்,
பேணாட்


சங்குமுனை
21-04-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோரின் சுகத்தையும் அறிய ஆவல்.

மாற்றம் கிடைத்து வந்து மூன்று கிழமை ஆகிறது. டொக்டர் குலநாயகம் வெள்ளைக் காற்சட்டை போட்ட, மெல்லிய, களைத்த மனிசன். என்னை மரியாதையாகத்தான் வரவேற்றார். மாகிரட்டின் தங்கை என்று சொல்லவில்லை. நேரம் வரும்போது சொல்லுவேன்.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். ஈச்சிலம்பற்றுப் பக்கம் வயல் வரம்பால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கர்ப்பிணிகளைப் பார்த்து முடிந்ததும் குசினிக்குள் இருக்கிற மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, "மார்பில ஏதும் கட்டி இருக்கோ?" என்று கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஒருத்தி கதவைச் சாத்துகிறா.

நேற்று றுக்கியா என்கிற மனிசியைக் கண்டேன். வயது முப்பத்தாறு, ஐந்து பிள்ளைகள், புருஷன் வயல் கூலி. இடப்பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. டொக்டரிடம் மூன்று தரம் போயிருக்கிறா. என்ன தந்தார் என்று கேட்டேன். போத்தலை எடுத்துக் காட்டினா. மிக்சர்.

அண்ணா, சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் அந்தப் போத்தலைக் கண்டபோது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இன்னும் ஆட்களைச் சேர்ப்பேன். எல்லோரையும் ஒரே நாளில் அவர் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்.

இன்பமலர்


நுகேகொடை
30-05-1974

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிரு.

உன் கடிதம் வாசித்தேன். அந்த டொக்டரோடு நேருக்கு நேர் கதைக்காதே. பழைய விஷயங்களைக் கிளறினால் யாருக்கு என்ன பிரயோசனம்? கட்டாயம் கேள், இது அண்ணனின் புத்திமதி.

பேணாட்


சங்குமுனை
16-06-1974

அண்ணாவுக்கு,

சுகம்.

நான் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிநோயாளர் மண்டபம் நிறையச் சனம். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மிஸி, ஊர்வலமோ?"

"ஆறு பேருக்கும் மார்பில கட்டி, டொக்டர். கை வைச்சுப் பாருங்கோ. திரை பிடிக்க நான் நிக்கிறன்."

"எனக்கு நீர் படிப்பிக்க வந்தனீரோ?"

"ஓம். படிப்பிக்கத்தான் வந்தனான். இந்த றுக்கியாவுக்கு மூண்டு தரம் மிக்சர் குடுத்திருக்கிறியள். ஒருக்காவாவது தொட்டுப் பாத்தனீங்களோ?"

மண்டபத்துச் சனமெல்லாம் மேசைப் பக்கம் திரும்பியது. அவருடைய முகம் கறுத்தது. நான் இத்தனை மாதம் காத்திருந்த முகம் அதுதான். அப்போது சொன்னேன்.

"மாகிரட் எண்டு ஒரு மனிசி. இக்னேசியஸின்ர பெண்சாதி. ஏழு தரம் வந்தவ. நான் அவவின்ர தங்கச்சி."

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து, போன வருஷத்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

"நாலு தரம் நான் பாக்கேல்லை. அது என்ர பிழை, மறைக்கேல்லை. ஐந்தாம் தரம் ரத்தம் கண்டு வந்தவ. அப்ப பாத்தனான். பாத்த உடன மகரகமைக் கான்சர் ஆசுப்பத்திரிக்குக் காயிதம் எழுதிக் குடுத்தனான். இந்தா, மார்ச் பத்தொன்பது. வாசியும்."

வாசித்தேன். அவருடைய எழுத்துத்தான்.

"ரெண்டு மாசத்தால அந்தக் காயிதத்தைத் திருப்பிக் கொண்டு வந்தவ. கொழும்பில நிக்க இடமில்லையாம். தம்பிக்கு எழுதிப் பாத்தவவாம், வசதியில்லை எண்டு பதில் வந்ததாம். எல்லாரும் இப்பிடித்தான், மிஸி. நான் காயிதம் எழுதுவன், இவையள் போகமாட்டினம். போக ஆளில்லை, நிக்க இடமில்லை. பிறகு நான் ஏன் எழுதுவான் எண்டு விட்டிட்டன்."

"விடுறதுக்கு நீங்கள் ஆர்?" என்று கத்தினேன். ஆனால் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆறு பேரையும் அவர் பார்த்தார். நாலு பேருக்குப் பயமில்லை. றுக்கியாவுக்கும், நல்லம்மா என்கிற விதவை மனிசிக்கும் காயிதம் எழுதிக் கொடுத்தார். இனி ஒவ்வொரு வியாழனும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுக்கவில்லை.

அண்ணா, எங்கள் அக்காவுக்குத் தம்பி என்று ஒருவர்தான். அவ உங்களுக்கு எழுதினாவா?

இன்பமலர்


சங்குமுனை
28-07-1974

அண்ணாவுக்கு,

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நேற்று இக்னேசியஸ் அத்தானைக் கடற்கரையில் பிடித்தேன். வலையை மடித்துக்கொண்டு இருந்தார். கேட்டதும் கையை நிறுத்திவிட்டார். "சொல்லமாட்டன் எண்டு அவவுக்குச் சத்தியம் பண்ணினனான் பிள்ளை" என்றார். நான் போகாமல் அங்கேயே நின்றேன். கடைசியில் சொன்னார். உங்கள் பதில் வந்த அன்று அக்கா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுப்பில் போட்டாவாம். "மலருக்குத் தெரிஞ்சால் தம்பியை மன்னிக்கமாட்டாள், ஒருத்தருக்கும் சொல்லாதேயுங்கோ" என்றாவாம்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? ஒரு சொல் விடாமல் எனக்கு எழுதுங்கள்.

இன்பமலர்


நுகேகொடை
11-08-1974

மலர்,

என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஐந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அக்காவின் கடிதம் போன வருஷம் ஏப்ரலில் வந்தது. கட்டிக்குக் கதிர் பாய்ச்சுகிற கறன்ற் பிடிக்கவேண்டும், ஐந்து ஆறு கிழமை ஒவ்வொரு நாளும் மகரகமைக்குப் போகவேண்டும், உன் வீட்டிலிருந்து ஒரே பஸ்தானே, ஒரு மூலையில் படுத்துக்கொள்ளுவேன் என்று எழுதியிருந்தா. சீலாவுக்கு அப்போது ஏழு மாதம். அந்த வருத்தம் தொற்றும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் பயந்தாள். நானும் பயந்தேன். படித்தவன் நான், தொற்றாது என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்திருக்கலாம். கேட்கவில்லை.

"இப்போது வீட்டில் வசதியில்லை. பிள்ளை பிறந்த பிறகு எழுதுகிறேன்" என்று எழுதினேன். அவ்வளவுதான். சுகம் விசாரித்து இரண்டு வரி எழுதியிருந்தேன். ஜூனில் பிள்ளை பிறந்தது. நான் எழுதவில்லை. நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று இருந்துவிட்டேன். அவ மீண்டும் கேட்காததால் சுகமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உனக்கு ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. வீதிப் பக்கத்து முன்னறை அப்போது வெறுமையாகத்தான் இருந்தது. ஒரு தையல் மெஷினும் பழைய பேப்பர்க் கட்டுகளும் மட்டும் கிடந்தன.

நீ டொக்டரைப் பற்றி எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நான் எப்படி வாசித்திருப்பேன் என்று நினைத்துப் பார். என்னை மன்னித்துவிடு.

பேணாட்


சங்குமுனை
19-08-1974

பேணாட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

றுக்கியாவுக்குப் போன மாதம் மகரகமையில் ஒப்பரேசன் முடிந்தது. இனி ஐந்து கிழமை கறன்ற் பிடிக்கவேண்டும். வெளியில் தங்கி நாளாந்தம் போய்வரச் சொல்லியிருக்கிறார்கள். அவவுக்குக் கொழும்பில் ஒருவருமில்லை. உங்களுக்கு முன்னறை இருக்கிறது.

வருகிற முப்பதாம் திகதி காலை றெயிலில் அவவும் அவவின் மச்சாள் ஸாலிஹாவும் கொழும்புக் கோட்டை றெயிலடியில் வந்து இறங்குவார்கள். கட்டில் போடுங்கள். தையல் மெஷினை வெளியே எடுங்கள். அவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைப்பார்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வேண்டும்.

ஏலாது என்றால் ஒரு வரி எழுதுங்கள். நானும் இக்னேசியஸ் அத்தானும் அடுத்த ஞாயிறு உங்கள் கோயிலுக்கு வருவோம். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் நின்று அக்காவின் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுவேன். மச்சாளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

றுக்கியாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. என் அண்ணன் நல்ல மனிசன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

இன்பமலர்


நுகேகொடை
13-10-1974

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறோம்.

றுக்கியா முந்தநாள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டா. நீ கேட்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் கிழமை சீலா அந்த அறைப் பக்கமே போகவில்லை. கிளாசுகளைத் தனியாக வைத்துச் சுடுதண்ணீரில் அவித்தாள். ஸாலிஹா அதைக் கண்டுவிட்டா. "வருத்தம் தொத்தாது தங்கச்சி. தொத்துறதெண்டா எனக்கெல்லோ முதல்ல வரோணும், நான் தானே புண்ணுக்கு மருந்து கட்டுறன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னா. சீலா அழுதுவிட்டாள்.

மூன்றாம் கிழமை றுக்கியாவின் நெஞ்சுத் தோல் வெந்து கறுத்தது. சட்டை பட்டால் துடித்துப்போவா. சீலா தன்னுடைய பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, ஒரு பக்கம் கை இல்லாமல் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் இடிபடாமலிருக்க நான் கந்தோருக்குப் பிந்திப் போய் அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். உன் பயமுறுத்தலுக்காகத்தான் தொடங்கினேன், மறைக்கவில்லை. கடைசிக் கிழமை அப்படி இல்லை.

இதற்குப் பிறகாவது ஒரு வார்த்தை எழுதுவாயா?

பேணாட்


சங்குமுனை
08-12-1974

பேணாட் அவர்களுக்கு,

றுக்கியா நன்றாயிருக்கிறா. அரிசி இடிக்கிறா. இடிக்கவேண்டாம் என்று பேசிவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு செய்தி. டொக்டர் குலநாயகம் தெற்குப் பக்கத்துக்கு மாற்றம் கேட்டுக் கிடைத்தும்விட்டது. என்னிடமிருந்து தப்பிப் போகப் பார்த்தார். வியாழக்கிழமைகளில் அவர் கை கழுவிக்கொண்டு காத்திருப்பதும், ஒவ்வொரு பெண்ணாகத் திரைக்குப் பின்னால் பார்ப்பதும், நான் பக்கத்தில் நின்று அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பதும் அவரால் தாங்க முடியவில்லை. நான் சும்மா இருப்பேனா? அவரை இங்கேயே வைத்திருக்கச் சொல்லி நானே பெட்டிசம் எழுதி, நானூற்றுச் சொச்சம் பேரிடம் கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் வாங்கி அனுப்பினேன். மாற்றம் நின்றுவிட்டது. சனம் தன்மீது வைத்த அன்பு என்று நினைத்துக் கண்கலங்கினார். நான் திருத்தவில்லை. அவர் இங்கேயே இருந்து எழுதட்டும்.

ஜூனில் கிடைத்த காயிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் போகப் பயந்திருந்த நல்லம்மா ஜனவரியில் வருவா, தன் தங்கையோடு. முன்னறையை ஒழுங்கு செய்யுங்கள்.

இன்பமலர்


நுகேகொடை
02-03-1975

மலர்,

நல்லம்மா செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு முன்னறையில் காலமானா. தந்தி கிடைத்திருக்கும். ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. அவவின் தங்கை சம்மதித்ததால் இங்கேயே அடக்கம் செய்தோம். மகன் முறைக்கு ஒருவரும் இல்லாததால் நானே முன்னுக்கு நின்றேன்.

கடைசிப் பத்து நாளும் வலி. ஆசுப்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். புண்ணின் மணம் வீடு முழுவதும். சீலா துணி மாற்றுவாள், நான் பிடித்துக்கொள்ளுவேன். எலும்புதான் கையில் வரும். ஒரு நாள் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, "வந்திட்டியா ராசா?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

அக்கா எப்படிப் போனா என்று நீ எனக்கு எழுதியதே இல்லை. இப்போது தெரியும்.

போதுமா, மலர்?

பேணாட்


சங்குமுனை
23-03-1975

அண்ணா,

நான் சுகம். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமா?

இந்தக் கடிதத்தை எழுத மூன்று கிழமை எடுத்தது. நீங்கள் என்னிடம் ஒன்றை மறைத்தீர்கள். நானும் ஒன்றை மறைத்தேன்.

நல்லம்மாவுக்குப் பிந்திவிட்டது என்பது எனக்கு முதலே தெரியும். டிசம்பரிலேயே டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவவை இனி அலைக்கழிக்க வேண்டாம் மிஸி, இஞ்சயே வைச்சுப் பாப்பம்" என்றார். நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் சுகம் வரும் என்று நல்லம்மா நம்பினா, அதை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன். உண்மை வேறு. நீங்கள் பார்க்கவேண்டும் என்று விரும்பினேன். அந்த மணம் உங்கள் வீட்டுக்குள் வரவேண்டும், நீங்கள் அந்த உடம்பைத் தூக்கவேண்டும் என்று விரும்பினேன். அப்படியே நடந்தது. உங்கள் கடிதத்தை வாசித்ததும் திருப்தி வரும் என்று நினைத்திருந்தேன்.

போன கிழமை றுக்கியா என்னிடம் வந்தா. நல்லம்மாவின் தங்கை சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. "உங்கட பேணாட் நானாவைப் போல ஒரு மனிசன் இல்லை மிஸி, பெத்த தாய்க்குப் போல செய்திரிக்காரு" என்றா. என்னால் பொறுக்க முடியவில்லை. அக்காவின் கதை, உங்கள் பதில், நான் போட்ட திட்டம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ கேட்டா:

"அப்ப அந்த நல்லம்மாவ உங்கட கோபத்துக்கா அனுப்பினீங்க?"

"ஓம்" என்றேன்.

"என்னையும் அதுக்குத்தானா?"

அதற்கும் ஓம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. அவ எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "நான் பொழச்சிட்டன், அதால உங்களுக்கு ஒண்டும் சொல்லமாட்டன். நல்லம்மா ஊர் மண்ணில கிடந்திரிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனா. அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கண்டால் ஒதுங்கிப் போகிறா.

போதுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. அந்த வெறும் அறையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. டொக்டரையும் மன்னிக்கவில்லை. நல்லம்மா விஷயத்தில் என்னை யார் மன்னிப்பது என்று எனக்குத் தெரியாது. கேட்க அவ இல்லை.

ஆனால் உங்களைத் தண்டிக்க இனி ஒருவரையும் அனுப்பமாட்டேன். நீங்கள் விரும்பாவிட்டால் இதோடு நிறுத்திவிடலாம். கோயில் வாசலுக்கு வரமாட்டேன், அத்தானும் வரமாட்டார்.

விருப்பமென்றால் இதைக் கேளுங்கள். புஷ்பவதி என்று ஒரு பிள்ளை, கப்பல்துறையில் கட்டிக் கொடுத்தவள், பேறுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. கட்டி கடலை அளவுதான். டொக்டரே முதலில் கண்டுபிடித்தார், நான் சொல்லாமலே. நேரத்தோடு கண்டிருக்கிறோம், இவள் பிழைப்பாள். கைக்குழந்தையும் கூட வரும், இரவில் அழும். மச்சாளிடம் கேட்டு எழுதுங்கள்.

சம்மதமென்றால் றெயிலடிக்கு நீங்களே போங்கள். அவளுக்குக் கொழும்பு தெரியாது.

இன்பமலர்